கதவுக்குள் இருந்த நிறம்

"மெதுவா, மெதுவா" என்றான் அண்ணன். கார் கதவின் உள்பக்க அட்டையை நெம்பிக்கொண்டிருந்தவர் பெயிண்டர். வியர்த்துக் கொட்டியது அண்ணனுக்கு.

எனக்கும்தான். நான் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அந்த அட்டைக்குப் பின்னால்தான் அப்பா காரின் சொந்த நிறம் இருந்தது. வெளியே யார் யாரோ கறுப்பும் சாம்பலுமாக அடித்துத் தீர்த்ததை எல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெறும் தகரத்துக்கு வந்திருந்தோம். அடியில் இருந்த பழைய நிறத்தை யாரோ முன்பே சுவடில்லாமல் சுரண்டி எடுத்திருந்தார்கள். கதவுக்குள்ளே மட்டும் எவனும் கை வைத்திருக்க மாட்டான், கம்பெனியில் அடித்தது அப்படியே இருக்கும் என்று பெயிண்டர் சொல்லியிருந்தார். அட்டையைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் உடைந்தால் வேறு கிடைக்காது. அதனால் அந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தோம்.

ஆகாய நீலம் என்பது அண்ணன் கட்சி. இளம்பச்சை என்பது என் கட்சி.

வீட்டில் இருந்த ஒரே போட்டோ கறுப்பு வெள்ளை. அம்மாவைக் கேட்டால், எனக்கு எங்கே ஞாபகம் இருக்கிறது, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று நழுவிவிடுவாள்.

நிறம் ஒரு சாக்குதான். அப்பாவை யாருக்கு அதிகம் தெரியும் என்பதே பந்தயம். நான் செல்லப் பெண். அவன் மூத்த பிள்ளை. தோற்றவர் ஆயுளுக்கும் வாயைத் திறக்க முடியாது.

அப்பா போன பிறகு, அம்மா யார் வீட்டில் இருப்பது என்று ஆரம்பித்த சண்டையில் நாங்கள் பேச்சையே நிறுத்தியிருந்தோம். அம்மா யாருடனும் போகாமல் இந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவன் வரும் நாளில் நான் வர மாட்டேன். நான் வரும் நாளில் அவன் தலைகாட்ட மாட்டான். நடுவில் அம்மா தபால்காரி வேலை பார்த்தாள்.

அப்போதுதான் அண்ணன் ஒரு பழைய இரும்புக் கடையின் பின்பக்கம் இந்தக் குட்டிக் காரைப் பார்த்தான். நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போது அப்பா விற்ற அதே கார். நம்பர் பலகை இல்லை, ஒரு சக்கரமும் இல்லை. ஆனாலும் பார்த்தவுடனே தெரிந்துவிட்டதாம். இழுத்துக்கொண்டு வந்து அம்மா வீட்டு ஷெட்டில் நிறுத்தினான்.

சேதி கேட்டதும் வரிந்துகட்டிக்கொண்டு வந்தேன், அது அப்பா கார் இல்லை என்று நிரூபிக்க. பின் சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்பிரிங் குத்திய இடம்கூட அதே இடம். அழுதுவிட்டேன். அண்ணன் கைக்குட்டையை நீட்டினான், கிரீஸ் பிசுக்கோடு.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் இரண்டு பேரும் ஆஜர். அவன் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினான். நான் சீட்டுக்கு உறை தைத்தேன். கம்பெனியை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே பிடிவாதம். ஹெட்லைட் குமிழ் ஒன்றுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஸ்பேனர் எங்கே என்று கேட்பதில் தொடங்கிய பேச்சு, மெல்ல மெல்லப் பழைய கிண்டலுக்கு வந்து சேர்ந்தது. அம்மா ஷெட் வாசலில் நாற்காலி போட்டு எங்கள் சண்டையை வேடிக்கை பார்ப்பாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து நாளாகியிருந்தது.

பெயிண்ட் அடித்தால் வேலை முடிந்தது. அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

டப்பென்று அட்டை கையோடு வந்தது. ஒரு கிளிப்பும் உடையவில்லை.

உள்ளே பளீரென்று மஞ்சள்.

நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. நல்ல எலுமிச்சை மஞ்சள். பெயிண்டர் ஓரத்தில் சுரண்டிப் பார்த்தார். அடியில் தகரம்தான். இதுதான் கம்பெனி அடித்தது, சந்தேகமே வேண்டாம் என்றார்.

நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா தன் காரை ஷோரூமிலிருந்து புதிதாக எடுத்தவர். விற்கும்வரை அதற்கு வேறு நிறம் அடித்ததில்லை. எங்களுக்கு எது மறந்தாலும், அப்பா ஒருநாளும் மஞ்சள் கார் ஓட்டவில்லை என்பது மறக்காது.

அண்ணன் வாசல் பக்கம் திரும்பினான்.

"அம்மா, இது அப்பா வண்டிதானே?"

"இல்லடா" என்றாள் அம்மா நிதானமாக. "வந்த அன்னைக்கே தெரியும்."

ஏன் சொல்லவில்லை என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் மறு ஞாயிறு நாங்கள் இருவரும் எதற்காக இங்கே வந்திருப்போம் என்று அப்போதுதான் உறைத்தது.

முதலில் சிரித்தவன் அண்ணன்தான். ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவருடைய காருக்கு இத்தனை பாடா என்று ஆரம்பித்தவன், முடிக்க முடியாமல் பானெட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். எனக்கும் தாங்கவில்லை. பெயிண்டர் பாவம், கையில் அட்டையோடு எங்களை மாறி மாறிப் பார்த்தார். மஞ்சளே அடித்துவிடுங்கள் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அண்ணனும் வந்து உட்கார்ந்தான். அது போகட்டும், அப்பா வண்டி என்ன கலர் என்று இப்போதாவது சொல்லம்மா என்று கெஞ்சினேன்.

அம்மா எங்கள் இருவர் தலையையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"அதுவும் எங்கேயாவது நின்னுக்கிட்டுத்தான் இருக்கும். ரெண்டு பேருமாப் போய்த் தேடிக் கொண்டு வாங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."