பிஸ்கட்டுக்குப் பத்தியம்

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க குதிரை குண்டாயிடுச்சு" என்றார் ஆர்லோ.

அமெரிக்காவில் வயோமிங் பக்கம் ஒருத்தருடைய தொப்பியைக் குறை சொல்லலாம், வண்டியைக் குறை சொல்லலாம். குதிரையைச் சொன்னால் தொலைந்தோம்.

டெல்பர்ட் முகம் தொங்கிப்போனது. அவர் மனைவி மேவிஸ்தான் சண்டைக்குப் போனாள்.

"யாரைப் பாத்துக் குண்டுங்கறே? எங்க பிஸ்கட் போன வருஷம் இருந்த மாதிரியேதான் இருக்கு!"

"அப்புறம் ஏன்க்கா போன வருஷம் போட்ட சேணம் இப்ப சேர மாட்டேங்குது?"

வாஸ்தவம்தான். டெல்பர்ட் ஏறி உட்கார்ந்தால் சேணத்தின் முன்பக்கம் பிடித்துக்கொள்ள நீட்டியிருக்கும் கொம்பு வயிற்றில் இடித்தது. மூச்சை இழுத்தாலும் இடித்தது, விட்டாலும் இடித்தது.

ஆர்லோ சேணத்துக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். "குதிரை முதுகு பெருத்தா சேணம் தூக்கிக்கும். ஆளை முன்னாடி தள்ளிவிட்டுரும்."

ஊரில் சேணம் தைக்கிறவர் அவர் ஒருத்தர்தான். எதிர்த்துப் பேச ஆளில்லை.

டெல்பர்ட்டுக்கோ வேறு கவலை. குளிர் வருவதற்குள் மலையிலிருந்து மாடுகளை இறக்க வேண்டும். வருஷா வருஷம் முன்னால் போவது அவர்தான். குதிரை ஏற முடியாவிட்டால் சமையல் சாமானோடு வண்டியில் போக வேண்டும். ஊரே சிரிக்கும்.

"சரிப்பா, பெரிய சேணமா ஒண்ணு கொடு."

"வேண்டாம்ணே. குதிரையை இளைக்க வைங்க. ஓட்ஸை நிறுத்துங்க. தினமும் ஆத்துப்பாலம் வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போங்க. மேல மட்டும் ஏறிடாதீங்க, முதுகு புண்ணாயிடும்."

"வியாபாரம் பண்ணத் தெரியலை, வாய் மட்டும் காது வரைக்கும்" என்று மேவிஸ் அவர் காதில் விழும்படியே முணுமுணுத்தாள்.

மறுநாளிலிருந்து டெல்பர்ட் நடந்தார். தபால் பெட்டி வரைக்கும்கூட வண்டியில் போகிற மனிதர்! பிஸ்கட் வழியெல்லாம் நின்று நிதானமாகப் புல் மேய்ந்தது. இவர் வேர்க்க விறுவிறுக்க இழுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் மேவிஸ் இனிப்பாக ஆப்பிள் பை சுட்டு வைத்தால் தட்டைத் தள்ளிவிடுவார்.

"அது ஓட்ஸ் இல்லாம நிக்குது, நான் ஆப்பிள் பை திங்கறதா? என்னை என்ன மனுஷன்னு நினைச்சே?"

மாடு இறக்கும் நாள் வந்தது. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் உதவிக்கு வந்திருந்தார்கள், ஆர்லோவும்தான்.

டெல்பர்ட் அதே சேணத்தைக் கட்டி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஏறினார். கொம்பு இடிக்கவில்லை. நடுவில் ஒரு கை தாராளமாக நுழைந்தது.

"பாத்தியா மேவிஸ்! எப்படி இளைச்சிருக்கா என் ராசாத்தி!"

குதிரையின் கழுத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் முன்னால் பறந்தார்.

மேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆர்லோவிடம் வந்தாள்.

"அன்னைக்கு உன்னைத் திட்டிட்டேன் தம்பி, மனசுல வச்சுக்காதே. ஒரே ஒரு வருத்தம்தான். குதிரைக் கவலையிலேயே மனுஷன் பாதியா உருகிட்டாரு. பேன்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது, பாவம்."

ஆர்லோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"பிஸ்கட் ஒரு துளிகூட இளைக்கலைக்கா. சேணம் அதுக்கு அன்னைக்கும் கச்சிதமாத்தான் இருந்துச்சு. 'குண்டாயிட்டே'ன்னு சொன்னா கோவிச்சுக்காத ஆள் உங்க வீட்டுல அது ஒண்ணுதானே!"