ஏழாவது கேள்வி

தொலைக்காட்சியில் எதிர்க்கட்சியினர் வெளிநடப்புச் செய்துகொண்டிருந்தார்கள்.

காலியாகிப்போன இருக்கைகளையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவர்கூட மிச்சமில்லை.

ஓய்வூதியம் வாங்கும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்கள் வருடத்துக்கு ஒருமுறை வந்து, உயிரோடு இருக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற அறை. காலை பத்தரை மணி. அவளைத் தவிர இன்னும் ஒருவர்தான் காத்திருந்தார்.

அவர் திரும்பினார்.

"மரகதவல்லிதானே? செம்பரையூர்?"

குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. திருமலைச்சாமி. அந்தக் காலத்துச் சுகாதார அமைச்சர். அவர் ஆளுங்கட்சி, அவள் எதிர்க்கட்சி. ஐந்து வருடமும் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் பேரவைத் தலைவரைப் பார்த்துத்தான்.

"ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றார். "அன்னைக்கு நீங்க மட்டும் ஏம்மா எந்திரிக்கல?"

இருபத்தாறு வருடம்.

அந்தப் பேரவை மண்டபத்தின் குளிர் சட்டென்று அவள் முழங்கைக்கு வந்துவிட்டது. மேசை விளிம்பில் தேய்ந்து வழுவழுவென்றிருந்த மரம். கஞ்சி மொடமொடப்பு மாறாத நீலச் சேலை. மடித்து மடித்து நைந்துபோன கேள்விப் பட்டியல். அதில் ஏழாவதாக அவள் பெயர்.

செம்பரையூர் அரசு மருத்துவமனைக்குப் பிரசவ வார்டு வேண்டும்.

அந்தக் கேள்வி பட்டியலில் ஏற இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்குள் மூன்று பெண்கள் மாவட்ட மருத்துவமனைக்குப் போகிற வழியிலேயே செத்துப்போனார்கள். கடைசியாகப் போனவள் பவுனம்மாள். நெல் ஏற்றுகிற வேனில். அந்த வேனில் மரகதவல்லியும் இருந்தாள். பவுனம்மாளின் தலை அவள் மடியில் இருந்தது.

ஆறாவது கேள்வி முடிகிற நேரத்தில், யாரோ ஏதோ சொல்ல, கூச்சல் கிளம்பியது. அவள் கட்சிக் கொறடா கையைத் தூக்கினார். வெளிநடப்பு.

கேட்டவர் அவையில் இல்லாவிட்டால் கேள்வி விழுந்துவிடும்.

வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். கொறடா அவள் பக்கத்தில் குனிந்தார்.

"மரகதம், எந்திரி. நம்ம கட்சித் தலைவர் பாத்துட்டே போறார்."

அவள் எழுந்திருக்கவில்லை.

கதவு சாத்தியதும் அந்தப் பக்கம் முழுக்க அவள் ஒருத்திதான். ஆளுங்கட்சி வரிசையில் யாரோ சிரித்தார்கள். பேரவைத் தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஏழு என்றார்.

அவள் கேட்டாள்.  முழுசாகக் கேட்டாள்.

அமைச்சர் எழுந்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

இந்த நிதியாண்டிலேயே கட்டித் தரப்படும் என்றார்.

அவள் விடவில்லை. எந்த மாதம் என்று துணைக்கேள்வி போட்டாள்.

சிரிப்பு நின்றுபோனது.

தை மாதம் என்றார் அமைச்சர்.

அந்த ஒரு வார்த்தையோடு வெளியே வந்தபோது மாடிப்படியில் கட்சிக்காரர்கள் நின்றிருந்தார்கள். அவளுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. மறுநாள் செம்பரையூர் பேருந்து நிலையத்தில் துரோகி என்று சுவரொட்டி. அடுத்த தேர்தலில் சீட்டு இல்லை.

"எந்திரிச்சிருந்தா எம்எல்ஏவாவே இருந்திருப்பேன்" என்றாள் இப்போது. "ஊருக்குத் திரும்பிப் போயிருக்க முடியாதுய்யா."

அவர் அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அந்தத் தாள்ல தைன்னு இல்லம்மா."

"பின்ன?"

"அப்படி ஒரு கருத்துரு அரசிடம் இல்லைன்னு இருந்துச்சு. அதைப் படிச்சிட்டு உக்காந்துரலாம்னுதான் எந்திரிச்சேன். எதுத்தாப்புல அத்தனை காலி நாற்காலி. நடுவுல நீங்க ஒரு ஆளு, பதிலுக்காக உக்காந்திருக்கீங்க. படிக்க வாய் வரல."

அவள் அவரையே பார்த்தாள்.

"நிதித் துறையைக் கேக்காம வாக்குக் குடுத்துட்டேன்னு ரெண்டே மாசத்துல என் துறையைப் புடுங்கிட்டாங்க. போறதுக்கு முந்தின நாள் உங்க வார்டு உத்தரவுல கையெழுத்துப் போட்டேன். அது ஒண்ணுதான் அந்தத் துறையில நான் உருப்படியாச் செஞ்சது."

தொலைக்காட்சியில் காலி வரிசைகளுக்கு எதிரே ஒரு அமைச்சர் எதையோ வாசித்துக்கொண்டிருந்தார். தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கட்டிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார் திருமலைச்சாமி. "அதுக்குள்ள ஆட்சி மாறிப்போச்சு. திறப்பு விழாவுக்கு என்னை யாரு கூப்பிடுவா?"

"எங்க ஆட்சிதான். என்னையே கூப்பிடல."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவள்தான் முதலில் நிறுத்தினாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தைன்னு சொன்னீங்க. ஆடியிலதான் திறந்தாங்க. ஆறு மாசம் தாமதம்."

அவருக்கு மூட்டுவலி. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நின்றார்.

"தாமதத்துக்கு வருந்துகிறேன், மாண்புமிகு உறுப்பினர் அவர்களே."

 அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கூப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று. கையைக் குவித்தாள்.

எழுத்தர் அவர்கள் இருவரின் பெயரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வெயில் ஏறியிருந்தது. படியிறங்கும்போது அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை படுக்கை?"

"இருபத்துநாலு. பக்கத்துலயே ஒரு வேப்பமரம். கூட வந்தவங்க அங்கதான் உக்காந்திருப்பாங்க."

கடைசிப் படியில் நின்றார்.

"ஒரு தடவை பாக்கணும்மா. இங்கேருந்து செம்பரையூருக்கு எந்த பஸ்ல ஏறணும்?"

"நேர் பஸ் கிடையாதுய்யா. திருச்சியில இறங்கி மாறணும்."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த நேர் பஸ்தான் என்னோட அடுத்த கேள்வி. அப்பவே எழுதிக் குடுத்திருந்தேன்."