மூடக் கூடாது அணி

கைத்தட்டல் அடங்கவில்லை. அவன் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொண்டான்.

பொங்கலன்று ஒளிபரப்பாகப் போகும் பட்டிமன்றம். கல்யாண மண்டபத்தில் பகலிலேயே படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் முதுகுக்குப் பின்னால் பேனர்: 'பூமி சூடாகிறது. அனல் மின் நிலையங்களை மூடலாமா? கூடாதா?'

அவனுக்குக் 'கூடாது' அணி. காலையில் நடுவர் பிரித்துக் கொடுத்தது. 'மூடலாம்' அணியில் போட்டிருந்தாலும் இதே கைத்தட்டலை வாங்கியிருப்பான்.

எதிரணியில் ஒரு பேராசிரியை கடல் ஏறி வருவதைப் பற்றிச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. காமிராவும் திரும்பவில்லை.

மூன்றாம் வரிசையில் அக்கா.

அனல் மின் நிலையத்தின் மதிலை ஒட்டித்தான் அவள் வீடு. கொடியில் காயும் துணியில் சாம்பல் படியும். அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துச் சில வருடங்களாகின்றன.

அங்கே இன்னோர் உலை வரப் போகிறது. வியாழக்கிழமை கலெக்டர் முன்னிலையில் கருத்துக்கேட்புக் கூட்டம். எதிர்ப்புக் குழுப் பிள்ளைகள் வீடு வீடாகக் கேட்டபோது, வேண்டாம் என்று எழுந்து சொல்ல அந்தத் தெருவில் சம்மதித்தவள் அவள் ஒருத்திதான். மற்ற வீடுகளில் யாராவது அந்த நிலையத்தில் வேலை பார்க்கிறார்கள். அவள் வீட்டிலும் மாமா பார்க்கிறார். அதையும் மீறித்தான் சம்மதித்தாள்.

எல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"எங்க அக்கா இங்கதான் உக்காந்திருக்கு. அதுக்கு மூச்சுத் திணறல். டாக்டர் சாம்பலால வந்ததுன்னார். அட போங்க டாக்டர், அது பக்கத்து வீட்டுக்காரி வாங்குன புது வளையலால வந்ததுன்னு சொன்னேன்!"

மண்டபம் அதிர்ந்தது. நடுவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

காமிரா திரும்பியது.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு இருமலானது.

காமிராக்காரர் பொறுத்துப் பார்த்தார். பிறகு சைகை காட்டினார். இருமல் இல்லாமல் இன்னொரு தடவை.

அவள் இன்னொரு தடவை சிரித்தாள்.

அவன் நிறுத்தவில்லை. உலை அணைந்தால் அடுப்பும் அணையும் என்றான். பூமியைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் முதலில் வீட்டு ஏசியை நிறுத்தட்டும் என்றான். குரலை இறக்கி, மாமா வேலைக்குப் போகும் ஓட்டை சைக்கிளைப் பற்றிச் சொன்னான். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அக்காவும்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று தொடங்கிய நடுவர், கடைசியில் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்.

பொன்னாடை போர்த்தினார்கள். செல்ஃபி எடுக்கக் கூட்டம் சூழ்ந்தது. அதை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள்.

திட்டுவாள் என்று நினைத்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவள் முகமெல்லாம் பெருமை.

"நான் ஒரு கோட்டிக்காரி தம்பி. உங்க மாமா பொழப்ப யோசிக்காம, வந்து பேசுதேன்னு சொல்லிட்டேன். நீ பேசுனதக் கேட்டப்பொறவுதான் புத்தி வந்துச்சு. வியாழக்கெழம நான் போகல."

கொடுத்த பக்கத்துக்குப் பேசினேன் அக்கா, அவ்வளவுதான். இதைச் சொன்னால் போதும்.

சுற்றிலும் செல்போன்கள். நடுவரின் கை அவன் தோளில் இருந்தது.

வெட்கத்தில் காதெல்லாம் எரிந்தது. பொன்னாடையைச் சரிசெய்துகொண்டான்.

"அந்தப் பிள்ளைங்ககிட்ட வரலன்னு சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்கு. நீயே பக்குவமாச் சொல்லிரு."

அவளே எண்ணை அழுத்தி, போனை அவன் கையில் கொடுத்தாள்.

ஓர் இளம்பெண்ணின் குரல் கேட்டது.

"அக்கா, வியாழக்கெழமைக்கு வேன் சொல்லியாச்சு. உங்க பேரத்தான் மொதல்ல குடுத்திருக்கோம்."

அக்கா அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.