படம் எடுத்த இடம்

“மணி அஞ்சரை ஆவுது. அந்த பைக்கு இன்னும் எதிர்லதான் நிக்குது அக்கா.”

பூர்ணிமா ஜன்னல் கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள்.

மைத்ரேயி கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அது எதிர் வீட்டுக்காரரோட மச்சான் வண்டி. ஜன்னலை மூடு.”

மூடினாள். ஆனால் அங்கேயே நின்றாள்.

“எங்க அண்ணன் கையில சிக்கினா அவ்வளவுதான். காதலிச்சவனோட ஓடிப்போன எங்க சின்னம்மா பொண்ணையும் சமாதானம் பேசித்தான் கூட்டிட்டு வந்தாங்க. அந்த வாரமே வயித்துவலியில செத்துட்டாள்னு சொன்னாங்க. அவளுக்கு வயித்துவலியே வந்தது கிடையாது.”

“காலையில நந்தகுமார் வந்துடுவான். ரெண்டு பேரும் ரயில் ஏறிட்டா முடிஞ்சுது. வேப்பூர்ல இருக்கிற உங்க அண்ணன் இந்த விருத்தாசலத்துல யாருன்னு தேடுவார்? நாம நேர்ல பாத்துக்கிட்டதே நேத்துதான்.”

அது உண்மை. இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுதுகிறவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்குள் வேறு தொடர்பு இல்லை. நான்கு வருடங்களாக ஒருவர் பிழையை மற்றவர் திருத்திப் பழகியவர்கள். அங்கே மைத்ரேயிக்கு ஊர் கிடையாது. சொந்தப் பெயர்கூடக் கிடையாது. ஒரு பயனர் பெயர், அவ்வளவுதான்.

“பாவி, மறுபடியும் நீக்கிட்டான்!”

பூர்ணிமா திடுக்கிட்டாள். “யாருக்கா?”

“பீங்கான் கட்டுரையில ஒருத்தன். பேரு ‘உண்மைவிரும்பி’யாம். காலையிலதான் கணக்கே ஆரம்பிச்சிருக்கான். விருத்தாசலத்துல பொம்மை சுடறதே இல்லையாம். வடக்கேர்ந்து வாங்கிட்டு வந்து விக்கிறாங்களாம். நான் எழுதின பத்தி மொத்தத்தையும் தூக்கிட்டான்.”

“இப்ப அதுவாக்கா முக்கியம்?”

“விட்டா அந்தத் தப்பு அப்படியே நிக்குமே.”

மைத்ரேயி மொட்டை மாடிக்குப் போனாள். பின்வீட்டுச் சூளையையும், அதன் பக்கத்தில் பலகையில் காய்ந்த பிள்ளையார்களையும் படம் எடுத்து ஏற்றினாள். அவள் கீழே இறங்கி வருவதற்குள் பதில் வந்திருந்தது.

‘இதை எந்த ஊரிலும் எடுத்திருக்கலாம். படம் எடுத்த இடம் குறிப்பிடப்படவில்லை. நீக்குகிறேன்.’

“கொழுப்பைப் பாரு!” என்றாள். பிறகு உதட்டைக் கடித்தாள். “ஆனா கேட்டது நியாயம்தான். இடம் போடாம விட்டது என் தப்பு.”

வரைபடத்தைத் திறந்து புள்ளி வைத்தாள். பூர்ணிமா அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, சூளை மேல வெச்சிருக்கீங்க. விதிப்படி கேமரா இருந்த எடத்தைத்தானே குறிக்கணும்?”

“அட, ஆமா.”

“குடுங்க இப்படி.”

நேற்றிலிருந்து முதல்முறையாக அவள் முகத்தில் பயம் இல்லை. வரைபடத்தை விரல்களால் பெரிதாக்கினாள். புள்ளியை மதில் தாண்டி நகர்த்தி, இந்த வீட்டு மொட்டை மாடியின் மூலையில் வைத்தாள். திருத்தக் காரணம் கேட்ட கட்டத்தில் ‘துல்லியத்துக்காக’ என்று தட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ‘நன்றி. ஏற்றுக்கொள்கிறேன்.’

“சரண்டர் ஆயிட்டான்!” மைத்ரேயி சிரித்தாள்.

பூர்ணிமாவும் சிரித்தாள். “இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்ட ஆளை அங்க நான் பாத்ததே இல்லக்கா.”

ஏழு மணிக்கு மைத்ரேயி தோசைக்கல்லை அடுப்பில் போட்டாள். பூர்ணிமா பசிக்குது என்று தானாகவே சொன்னாள். நந்தகுமாருக்குத் தோசை என்றால் உயிர் என்றாள். இரண்டாவது தோசையைத் திருப்பிப் போடும்போது காலிங்பெல் அடித்தது.

“எதிர் வீட்டு அம்மாவா இருக்கும்,” என்றாள் மைத்ரேயி. இருந்தாலும் பூர்ணிமாவை உள்ளறைக்கு அனுப்பினாள். கதவுச் சங்கிலியை எடுக்காமல், இடைவெளி வழியாகப் பார்த்தாள்.

ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒருவன் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் கேட்டை உள்பக்கமாகத் தாழ்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“மன்னிச்சுக்குங்க டீச்சரோ மேடமோ, பேரு தெரியல,” என்றான் அவன் பணிவாக. “இந்த ஊர்ல பொம்மை சுடறாங்கன்னு எனக்கும் தெரியும். எங்க பூர்ணிமா நாள் பூரா நெட்டுல உங்க ஒருத்தர்கிட்டதான் எழுதிட்டு இருப்பா. நீங்க எழுதினதைப் படிச்சே ஊர் எதுன்னு புரிஞ்சுது, வூடு எதுன்னுதான் தெரியல. தப்பா எழுதினா ஓடியாந்து நிரூபிப்பீங்கன்னு தெரியும். தங்கச்சியைக் கொஞ்சம் வரச் சொல்றீங்களா?”