மதுரைக்கு மாற்றல்

"மாடி வீட்டு மாணிக்கவாசகம் சார்கிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க!" என்றாள் தங்கபுஷ்பம்.

"ஏன், அந்த மனுஷன் உன்னை என்ன பண்ணினார்?" என்றான் கனகராஜ்.

"என்ன பண்ணலே? 'மிஷின் நல்லாத் தைக்குதேம்மா'ன்னார். மறுநாளே ஊசி ஒடிஞ்சுது. அதோட, போன வருஷம் இதே நைஜீரியா வாத்தியார் வேலைக்கு எழுதிப் போட்டு, வயசாயிடுச்சுன்னு அவரைத் தள்ளிட்டாங்களாமே. இப்ப உங்களுக்குக் கிடைச்சிருக்குன்னு தெரிஞ்சா அவர் கண்ணு சும்மா இருக்குமா?"

அன்றிலிருந்து அந்த மந்தைவெளி வீட்டில் எல்லாமே ரகசியம். புதுப் பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிப் பழம்புடவையால் மூடினாள்.

ஒருநாள் மாணிக்கவாசகம் மாடிப்படியில் நின்று, "என்னம்மா, சாமானெல்லாம் கட்டற மாதிரி இருக்கே?" என்றார்.

கைக்குழந்தையின் முகத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு, "மதுரைக்கு மாத்தலாயிடுச்சு சார்" என்று கூசாமல் சொன்னாள்.

"அப்படியா, சந்தோஷம்." அவர் படியேறிப் போய்விட்டார்.

பாஸ்போர்ட் வந்தது. டிக்கெட்டும் வந்தது. வருமானவரி ஆபீஸ் சர்டிபிகேட்டில்தான் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றது. 'இவர் போன பிறகு வரி பாக்கி ஏதாவது கிளம்பினால் நான் கட்டுகிறேன்' என்று, இங்கேயே இருக்கிற, வரி கட்டுகிற ஒருத்தர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம்.

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன் வைரவனிடம் போனார்கள். காப்பி வந்தது. காராச்சேவு வந்தது. கையெழுத்து வரவில்லை.

"மாப்பிள்ளை, உசிரைக் கேளுங்க, தரேன். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

பத்து நாள் கழித்துக் கனகராஜ் சர்டிபிகேட்டோடு வந்து நின்றான்.

"யாருங்க போட்டாங்க?"

"போட்டாங்க, விடு."

அண்ணன்தான் மனசு மாறியிருப்பார் என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. முந்திரிக்கொத்து செய்து, டின் நிறையத் தி.நகருக்கு அனுப்பினாள். கனகராஜ்தான் டின்னுக்கு மூடி போட்டுக் கொடுத்தான். 'ருசியா இருந்துச்சு' என்று வைரவன் ஆள் மூலம் சொல்லியனுப்பினார்.

கிளம்புகிற அன்று காலையில் டாக்சியைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொன்னாள். மாடிப் பக்கம் திரும்பாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். நல்லவேளை, யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

டாக்சி கிண்டியைத் தாண்டும்போது, காகிதமெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பையைப் பிரித்தாள். ஜாமீன் பத்திரத்தின் நகல் கைக்கு வந்தது. கீழே கையெழுத்து. அதற்கும் கீழே விலாசம்: அவர்கள் வீட்டு நம்பரேதான். மாடி.

"இவரா?"

"எட்டுப் பேர் கையை விரிச்ச பிறகு இவர்கிட்டப் போனேன். நான் சொல்லி முடிக்கறதுக்குள்ளே பேனாவை எடுத்துட்டார்."

"ஏங்க என்கிட்டச் சொல்லலே?"

"அவர்தான் வேண்டாம்னார். 'ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு நிம்மதியா இருக்கட்டும்'னார்."

தங்கபுஷ்பம் பத்திரத்தை மடித்துப் பையில் வைத்தாள். "வண்டியைத் திருப்பச் சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு ஓடி வந்துடறேன்."

"பிளேனுக்கு நேரமாச்சு. திரும்பினாலும் அவர் வீட்டிலே இருக்கமாட்டார்."

"எங்கே போனார்?"

"நீ கிளம்பற நேரத்திலே எதிரே வந்துடக் கூடாதேன்னு, விடியற்காலையிலேயே வடபழனிக்கு பஸ் ஏறிட்டார்."