லைனில் ஒரு ரசிகை

சனிக்கிழமை ஆட்டத்தில் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி தோற்றதும், வழக்கம்போல ரசிகர்களுக்குப் பதில் சொல்ல ரேடியோ நிலையத்துக்கு வந்துவிட்டார் கோச் வெண்டல். தொகுப்பாளன் கிளின்ட் முதல் போனை இணைத்தான்.

“கோட்டைத் தொட ஒரே ஒரு கெஜம்! பந்தோட பையனை ஓட விட்டிருந்தா ஜெயிச்சிருப்போம். பந்தை எதுக்குய்யா எறியச் சொன்னீங்க?”

“எதிர் டீம் பசங்க நடுவுல சுவர் மாதிரி நின்னானுங்கண்ணே. எங்க ஓடறது?” கோச் அசரவில்லை.

அடுத்தது ஒரு பெண். “ஓரமா ஓடியிருக்கலாமே, கோச்?”

“அது... வந்து...”

வசவுக்கே அசராத மனுஷன் இதற்கா வேர்க்கிறார்? கிளின்டுக்கு ஒன்றும் புரியவில்லை.

“சரி, அதை விடுங்க. நம்ம பேத்தி பொறந்து நாலு நாளாச்சு. எப்போ பார்க்க வர்றீங்க?”

“நோர்மா! ரேடியோவுல இருக்கேன்டி!”

“தெரியும். இங்கே மட்டும்தானே போனை எடுக்கறீங்க!”