பதினேழு ரிங்

சண்டைக்காலத்தில் கைத்தொலைபேசியை எடுத்துக் கதைக்கும் வழக்கம் பாக்கியரத்தினத்தின் வீட்டில் அடியோடு கிடையாது. ரிங்தான் பாஷை. லோஞ்ச் படகேறி மூதூர்க் கந்தோருக்கு வேலைக்குப் போகும் கணவர் ஆனந்தராசா ஒரு ரிங்கோடு வெட்டினால், பத்திரமாகச் சேர்ந்துவிட்டார். இரண்டென்றால் பாதை பூட்டு. மூன்றென்றால் வீட்டுக்குத் திரும்புகிறார், உலை வைக்கலாம்.

அன்று காலை ஒரு ரிங் வந்தது. மத்தியானமோ போன் நிற்கவேயில்லை.

"பதினேழு, பாக்கியக்கா!" என்று எண்ணி முடித்தாள் அடுத்த வீட்டு அசனா. "பதினேழுக்கு என்ன கருத்து?"

"ஐயோ, மூன்றுக்கு மேலே நாங்கள் ஒன்றும் பேசி வைக்கேல்லையே!"

வழக்கம்போல சிக்னலும் செத்தது. திருகோணமலையே முற்றத்தில் திரண்டு கருத்துச் சொன்னது. "லோஞ்ச் கவிண்டிட்டுது" என்றார் ஒருவர். "பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்" என்றார் இன்னொருவர். பாக்கியரத்தினத்தின் கண்ணீரில் கொட்டியாரக்குடாக் கடல் ஒரு முழம் உயர்ந்தது.

பின்னேர லோஞ்சில் ஆனந்தராசா முழுசாக வந்து இறங்கினார்.

"ஏனப்பா போனை எடுக்கேல்லை?"

"எடுக்கிறதோ? நாங்கள் எண்ணிக்கொண்டெல்லோ இருந்தனாங்கள்! பதினேழு ரிங்கிலை என்ன சொன்னனீங்கள்?"

அவர் தலைகுனிந்தார். "கந்தோருக்குப் பக்கத்திலை ஷெல் விழுந்தது. உம்மட குரலை ஒருக்காக் கேட்கவேணும் போல இருந்தது."

பாக்கியரத்தினம் கண்ணைத் துடைத்தாள். பிறகு, குழப்பம் தீராமலே கேட்டாள்:

"சரி, இனி அதுக்கு எத்தனை ரிங் வைப்பம்?"